பின்கதவைத் திறந்தால் வெள்ளாட்டுக்குளம்

பேச்சியம்மாள் என்று பேரை வைத்துவிட்டு, பேருக்குள்ளே இருந்த பேச்சை மட்டும் யாரோ எடுத்து ஒளித்துவிட்டார்கள் என்று தவசி தன் பெண்டாட்டியைக் கேலி பண்ணுவான். அவள் அதற்கும் பதில் சொல்லமாட்டாள், முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொள்வாள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் ஒரு ஊர் முழுக்க வாசல் வாசலாக நின்று வாய் திறந்து பேசிவிட்டு வந்தாள். அன்றைக்குத்தான் அவர்கள் வண்டியின் இழுவை, பிக்கப் என்பார்களே அது, போனது.

வண்டி என்றால் வெறும் வண்டி இல்லை, அதுதான் வீடு. ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட டீசல் பஸ்ஸை வாங்கி, முன்பாதியில் அடுப்பும் தண்ணீர்க்குடமும் கட்டிலும், மேல் கம்பியில் பிள்ளைக்கு ஒரு தொட்டிலும், பின்பாதியில் பஞ்சு அடிக்கிற மெஷினுமாக வைத்திருந்தான் தவசி. ஊர் ஊராகப் போய் மைக்கில் கூவிக் கூப்பிட்டு, கட்டிதட்டிப் போன மெத்தைகளைப் பிரித்து, பஞ்சை மெஷினில் விட்டு அடித்துப் பூவாக்கிக் கொடுப்பது அவன் தொழில், புது உறை தைப்பது பேச்சியின் தொழில். பஸ்ஸின் மஞ்சள் பெயிண்ட் இன்னும் போகவில்லை. அதனால் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் இரண்டு பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு ஏற வந்துவிடும், நாலு பிள்ளைகள் பள்ளிக்கூடம் வீடு தேடி வந்துவிட்டதென்று ஓடி ஒளியும்.

தவசிக்குச் சொந்த ஊர் கிடையாது. அவன் வளர்ந்தது ஒரு அநாதை விடுதியில், விடுதிக்கு முன்னால் என்ன என்று அவனுக்கும் தெரியாது. நம் பக்கத்தில் ஒருத்தரைப் பார்த்தால் முதலில் என்ன கேட்போம், எந்த ஊரு என்றுதானே. அவன் அதற்கு ஒவ்வொரு தடவையும் வண்டியைத் தட்டிக் காட்டி, "இந்தா, இதான்" என்பான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான், பேச்சி மட்டும் சிரிக்கமாட்டாள். ஏனென்றால் அவளுடைய அண்ணன் மந்திரமூர்த்தி கல்யாணத்தன்றைக்கு அதைத்தான் சொல்லிக் காட்டினான். "ஊரில்லாதவன் பின்னால போறவளுக்கு என்ன வழியனுப்பு வேண்டிக்கிடக்கு? போ" என்றான். போயிட்டு வா என்று சொல்லவில்லை. போ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் வருகிறேன் என்று சொல்லாமல் கிளம்புவார்கள். பேச்சி தன் கல்யாண வீட்டிலிருந்து அப்படிக் கிளம்பினாள்.

அந்த அண்ணன் இப்போது வெளிநாட்டு வேலைக்குப் போகிறான், போனால் திரும்ப வருசக்கணக்காகும். அவன் போவதற்குள் பேச்சியின் மகள் உலகம்மைக்குக் காது குத்தவேண்டும். காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அம்மா போனில் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை நம்ம கோயில்ல குத்திருவோம். மடி குடுக்கேன்னு ஒத்துக்கிட்டான். சனிக்கிழமை அவனுக்கு ப்ளைட்டு. நீ பிந்திராத தாயி, அவன் மனசு இன்னொரு தடவ எப்ப இளகுமோ யாரு கண்டா."

அந்தப் போன் வந்தபோது அவர்கள் வெள்ளாட்டுக்குளத்தில் கிடந்தார்கள். நாலுவழிச்சாலையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி, கரிசல்காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊர். நாலு மெத்தை அடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று வந்தவர்களை மழை பிடித்துக்கொண்டது. ஈரப் பஞ்சை மெஷினில் விடமுடியாது, கரிசல் சேற்றில் பஸ்ஸை நகர்த்தவும் முடியாது, ஆகவே மழைக்காலம் முழுக்க அங்கேதான். அந்த ஊர்ப் பொம்பளைகள் பேச்சியைப் பேசவைத்தார்கள் என்று சொல்லமுடியாது, பேசாமல் இருக்க விடவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். டீக்கடை சீனியம்மாள் முதல் நாளே வண்டிக்குள் ஏறி வந்து, "ஏ பிள்ள, உன் வீட்டுக்காரன் மைக்குல கத்துற கத்துக்கு, நீ வாயில பூட்டுப் போட்டுச் சரிக்கட்டுதியாக்கும்" என்றாள். அதற்குப் பேச்சி சிரித்தாள், மறுநாள் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாள், அதற்கடுத்த நாள் குழாயடியில் நின்று குடம் நிறைந்து வழிந்தது தெரியாமல் ஒரு முழுக் கதை சொன்னாள். உலகம்மை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாறி மாறி, பெற்றவளுக்கே எந்த வீட்டில் தேடுவதென்று தெரியாமல் போனது. வெயில் அடித்ததும் ஊரில் ஒரு வீடு மிச்சமில்லாமல் மெத்தை அடித்துக்கொண்டார்கள். ஊரே அவள் தைத்த உறையில் படுத்துத் தூங்கியது.

கிளம்புகிற திங்கட்கிழமை பேச்சி ஒரு காரியம் செய்தாள். மற்ற ஊர்களில் என்றால் தவசிக்கு முன்னாலேயே வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள், அவன்தான் தெரு முழுக்க "வாரோம், வாரோம்" என்று கையை ஆட்டுவான், அது மைக்கில் சொல்வது போலக் காற்றோடு போய்விடும். இந்தத் தடவை அவள் உலகம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் ஒரு வாசல் விடாமல் நின்று, மதினி போயிட்டு வரேன், அத்தை போயிட்டு வரேன், சித்தி போயிட்டு வரேன், சின்னவளே போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டே போனாள். செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்த வாய், அதனால் ஒவ்வொரு சொல்லும் முழுக் கனத்தோடு விழுந்தது. வாசலில் நின்றவர்களும் போயிட்டு வா தாயி, போயிட்டு வா தாயி என்று சொல்லி, முருங்கைக்காயும் கருப்பட்டியும் மடியில் கட்டிவிட்டார்கள்.

வண்டி கிளம்பியது. கிளம்பியது என்பது வண்டியைப் பெருமைப்படுத்திச் சொல்கிற பேச்சு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இஞ்சின் உறுமுகிறது, அந்த உறுமலுக்கு வண்டி பாய்ந்திருக்கவேண்டும், ஆனால் அது லீவு முடிந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தது. மாட்டுவண்டி முந்தியது. ஆட்டுக்கூட்டம் முந்தியது, கடைசியாக வந்த நொண்டிக் குட்டி வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அதுவும் முந்தியது. கைகாட்டி ஏறின ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, தப்பா நெனைக்காதீரும், எனக்குக் கொஞ்சம் அவசரம், நடந்து போய்க்கிடுதேன்" என்று இறங்கி விறுவிறுவென்று நடந்து மறைந்தார்.

மறுநாள் மெக்கானிக் லூர்து ஸ்கூட்டரில் வந்தார். வைத்தியர் நோயாளியிடம் கேட்கிற மாதிரிதான் அவர் கேட்பார்.

"மிதிச்சா உடனே வருதா, யோசிச்சு வருதா?"

"யோசிக்கத்தான் செய்யுது அண்ணாச்சி, வரத்தான் மாட்டேங்குது" என்றான் தவசி.

லூர்து முதலில் ஏர் பில்டரைக் கழற்றினார். உள்ளே ஒரு மூட்டைப் பஞ்சு. "பஞ்சடிக்கிற வண்டிக்கு மூக்கு இருக்கும்னு என்னைக்காவது நெனச்சுப் பாத்தீரா? மூச்சு முட்டிப்போயி நிக்கி பாவம்" என்று திட்டிக்கொண்டே உதறினார். பேச்சி அந்தப் பஞ்சை அள்ளி, உறை போட்டு, உலகம்மைக்கு ஒரு குட்டித் தலையணை தைத்துவிட்டாள். வண்டியை எடுத்தார்கள், அதே நடை. டீசல் பில்டரை மாற்றி, அடியில் நின்ற தண்ணீரை இறக்கி, கைப்பம்பை அழுத்தி அழுத்திக் குழாயில் இருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டார். அதே நடை. டர்போவின் காற்றுக்குழாயில் ஒரு விரிசல் இருந்தது, வேறு குழாய் மாட்டினார். அதே நடை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்குமோ என்று ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டார், அது பம்பரமாகச் சுற்றியது, பார்த்துக்கொண்டிருந்த உலகம்மை கைதட்டினாள். கீழே இறக்கி ஓட்டினால் அதே நடை. இப்படியே ஊர்ந்து ஊர்ந்து நாலுவழிச்சாலை கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வருவதற்குள் புதன்கிழமை ஆகிவிட்டது.

"சரி, நீரு நல்லா அழுத்தி மிதியும். நான் பின்னால போயி புகையப் பாக்கேன்" என்றார் லூர்து. கறுப்புப் புகை வந்தால் காற்றுப் பற்றவில்லை, வெள்ளைப் புகை வந்தால் டீசல் எரியவில்லை, அவர் கணக்கு அது. தவசி மிதித்தான். மிதித்துக்கொண்டே கத்தினான்.

"என்ன அண்ணாச்சி, கறுப்பா வெள்ளையா?"

"ரெண்டும் இல்லவே. உளுந்தவடை வாசம் வருது."

பேச்சி மெஷினுக்கு மேலே ஏறிக் குனிந்து, மெத்தைத்துணிக் கட்டுகளை நகர்த்திப் பின்கதவைத் திறந்தாள். இரண்டு கை தூரத்தில் சீனியம்மாளின் டீக்கடை. அடுப்பு, வடைச்சட்டி, பெஞ்சு, பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஆட்கள். கடைக்குப் பின்னால் தெரு, தெருவுக்குப் பின்னால் குளம், குளத்தில் எருமைகள். வண்டிக்கு முன்னால் நாலுவழிச்சாலை, பின்னால் வெள்ளாட்டுக்குளம். வண்டி ஓட்டுகிறவனின் கண்ணாடியில் மூன்று நாளாக ஒரு ஊர் தெரியத்தான் செய்தது, ரோட்டோரத்தில் ஊர் இருப்பதென்ன அதிசயமா என்று தவசி விட்டுவிட்டான்.

"எட்டிப் பாக்க மூணு நாளாச்சாக்கும்" என்றாள் சீனியம்மாள், பேச்சியைப் பார்த்து. பிறகு லூர்துவிடம், "நீரு கையக் கழுவிட்டு வாரும், டீ ஆறுது" என்றாள்.

லூர்து கையைக் கழுவி, உட்கார்ந்து, வடையைப் பிய்த்துத் தின்று, டீயைக் குடித்தார். "தம்பி, வண்டி இழுக்க மாட்டேங்குதுன்னு என்கிட்டச் சொன்னீரே" என்றார். "நானும் சின்ன வயசுலருந்து ஸ்பேனர் பிடிக்கேன். இந்த இழுவ இழுக்கிற வண்டிய இன்னைக்குத்தான் பாக்கேன். இதுக்கு ஒரு கோளாறும் இல்ல. பின்னால ஊரு கோத்திருக்கு. சொந்தக்காரங்க விவகாரம், நீங்களே பேசித் தீத்துக்கிடுங்க." ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊர் நகர்வதை ஊர்க்காரர்கள் திங்கட்கிழமையே கண்டுகொண்டிருந்தார்கள். சீனியம்மாளுக்கு அது வடைச்சட்டியில் தெரிந்தது, எண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எருமைகளுக்குத் தெரியவே இல்லை, குளமும் கூட வந்ததால். கோயில் வந்தது, கிணறு தளும்பாமல் வந்தது, ரேசன் கடை எப்போதும் போலப் பூட்டினபடியே வந்தது. சுடுகாடு மட்டும் வரவில்லை. அதனால் படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு பேரிடம் போய், ஊர் ஒரு இடத்தில் நிற்கிறவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களும் சரி என்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்கள். வழியில் இருந்த ஊர்க்காரர்கள், தேர் வருகிறது என்று ஒதுங்கி நின்றார்கள். தேர் வந்தால் நீர்மோர் கொடுக்கவேண்டும், கொடுத்தார்கள். வெள்ளாட்டுக்குளத்திலிருந்து அந்த ஊர்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள், தெரு தங்களைக் கடக்கிற நேரத்தில் அம்மா வீட்டு வாசலில் ஏறி, மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி முடித்து, தெரு முடிகிற இடத்தில் இறங்கிக்கொண்டார்கள். நிலம் அளக்கிறவர் ஒருத்தர் சங்கிலியும் வரைபடமும் கொண்டுவந்தார். இந்த முனையில் ஆணி அடித்துவிட்டு அந்த முனைக்குப் போவதற்குள் ஊர் ஆணியைத் தாண்டிவிட்டது. "நின்னதுக்கப்புறம் சொல்லி அனுப்புங்க" என்று அவரும் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

எல்லாரையும்விடச் சந்தோசம் பஞ்சாயத்துத் தலைவர் வேலாண்டிக்கு. ஊருக்கு நாலுவழிச்சாலையைக் கொண்டுவருவேன் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்லிச் சொல்லி ஜெயித்தவர் அவர். இப்போது ஊர் சாலைக்கு வந்துவிட்டது, இதைத்தான் நான் அப்போதே சொன்னேன் என்றார். அதோடு விடவில்லை. தவசியின் தோளில் கையைப் போட்டு, "தம்பி, டீசல் நம்ம பொறுப்பு. இப்படியே மெதுவா, அவசரமே இல்ல, ஆத்தங்கரை வரைக்கும் கொண்டுபோயி விட்டுரும். வாய்க்காத் தண்ணி, நெல்லு வயலு, நம்ம பிள்ளைகளுக்கு நீச்சலு" என்று அடுக்கினார்.

தவசி அதற்கு மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் பேச்சிக்குத் திக்கென்றது. சாலையோரம் வண்டியை நிறுத்தியிருக்கும்போது யாரோ ஒரு லாரி டிரைவர் அவனிடம் எந்த ஊரு என்று கேட்டான். தவசி வண்டியைத் தட்டவில்லை. திரும்பி நின்று, நெஞ்சை நிமிர்த்தி, பின்னால் கையை நீட்டி, "அந்தா, வெள்ளாட்டுக்குளம்" என்றான். அப்படி அவன் முகம் மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

"என்னங்க, நாளக் கழிச்சு வெள்ளிக்கிழமை" என்றாள் பேச்சி.

"தெரியும்ட்டி."

"இந்த நடையில போனா உலகம்மைக்குக் காது குத்தப் போறமா, கல்யாணம் முடிக்கப் போறமா?"

தவசி ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "எனக்குன்னு ஒரு ஊரு வந்திருக்கு பேச்சி. அத்துவிடச் சொல்லுதியா?"

பேச்சி பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். வியாழக்கிழமை விடிந்ததும் அவள் பின்கதவைத் திறந்துகொண்டு படியில் நின்றாள். வருகிறேன் என்று சொன்னதில்தான் ஊர் கோத்துக்கொண்டிருக்கிறது, போகிறேன் என்று ஒரு சொல் சொன்னால் அறுந்துவிடும், அண்ணன் வாயிலிருந்து வந்த அந்த ஒற்றைச் சொல்லில் எத்தனை வருசம் அறுந்து கிடந்தாள் என்று அவளுக்குத் தெரியாதா. வாயைத் திறந்தாள். "மதினி, நான் போ..." என்று வருவதற்குள் சீனியம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து மாவுக் கையாலேயே அவள் வாயைப் பொத்தினாள்.

"அந்தச் சொல்ல என் கடை வாசல்ல சொல்லுத வேல வச்சுக்கிடாத. பிள்ளைக்காரி சொல்லுத சொல்லா அது?"

மாவு உதட்டில் ஒட்டியிருக்க, பேச்சி அப்படியே நின்றாள். அழுகை வந்தது, உளுந்து மணத்தது. அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. வருகிறேன் என்று சொன்னது கடன் மாதிரி நிற்கிறது, சரி. அதை ஏன் அறுக்கவேண்டும்? வந்துவிட்டால் தீர்ந்தது.

படியிலிருந்து இறங்கித் தரையில் கால் வைத்தாள். "மதினி," என்றாள், "நான் வந்துட்டேன்."

சீனியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் வந்தவளிடம் வேறென்ன சொல்வது. "வா தாயி. சாப்பிட்டியா?" என்றாள். வண்டியின் பின்பக்கம் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி, அடியிலிருந்த ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து, ஒரு விரற்கடை மேலே எழும்பியது.

உலகம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேச்சி நடந்தாள். திங்கட்கிழமை எந்த வரிசையில் சொன்னாளோ அதே வரிசையில், அத்தை வந்துட்டேன், சித்தி வந்துட்டேன், சின்னவளே வந்துட்டேன் என்று ஒரு வாசல் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். எல்லா வாசலிலும் வா என்றார்கள், எல்லா வாசலிலும் சாப்பிட்டியா என்றார்கள், சாப்பிட்டேன் என்றதை யாரும் நம்பவில்லை. ஒவ்வொரு 'வா'வுக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, கடைசி வீட்டுக்கு அவள் போனபோது, அவிழ்த்துவிடக் காத்திருக்கிற கன்றுக்குட்டி மாதிரி நின்ற இடத்தில் துள்ளிக்கொண்டிருந்தது.

கடைசி வீடு தலைவர் வேலாண்டி வீடு. அவருக்கு விசயம் விளங்கிவிட்டது. "அப்ப ஆத்தங்கரை?" என்றார்.

பேச்சி ஆண்களிடம் நேருக்கு நேர் நின்று பேசினவள் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, அவர் செருப்பைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணாச்சி, ஆறு எங்கயும் போயிராது. எனக்கு இருக்கது ஒரே ஒரு அண்ணன். நாளைக்கு விட்டா அவன் மடி எம் பிள்ளைக்குக் கிடைக்காது."

உள்ளேயிருந்து தலைவரின் பெண்டாட்டி குரல் கொடுத்தாள். "ரோட்டுக்கு வந்ததே உங்க சமத்துல இல்ல. பிள்ளைய அனுப்பிவைங்க."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அனுப்பத்தான் போறேன். அதுலதான சிக்கல் இருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். அவள் இப்போது திரும்பக் கிளம்பினால் வாசலில் நிற்பவர்களைப் பார்த்துப் போயிட்டு வரேன் என்று சொல்லத்தான் செய்வாள், அவர்களும் போயிட்டு வா என்பார்கள், பழையபடி கோத்துக்கொள்ளும். சொல்லாமல் கொள்ளாமல் போவதென்றால் அதைவிட அவமரியாதை வேறில்லை. கோயில் மைக்கைப் போட்டுத் தலைவர் அறிவித்தார்: "பஞ்சடிக்கிற வண்டி கிளம்புற நேரத்துல ஊர்ல யாரும் அதைப் பார்க்கப்படாது. யாருக்கும் அந்தப் பிள்ள யாருன்னே தெரியாது. மீறிக் கையாட்டுறவங்க வீட்டுக்கு முன்னால ஊரு நின்னு ஏன்னு கேக்கும்."

அந்த மத்தியானம் வெள்ளாட்டுக்குளம் அவமரியாதை பண்ணப் பழகியது. அது அவர்களுக்கு லேசான வேலையாக இல்லை. ஒருத்தி சுவரைப் பார்த்து நின்று இல்லாத அரிசியைப் புடைத்தாள். இரண்டு பேர் மரத்தைப் பார்த்துக்கொண்டு, மரத்திலே என்ன இருக்கிறது என்று ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொண்டார்கள். பேப்பர் படிக்கிறவர்கள் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்து முகத்தை மூடினார்கள். சீனியம்மாள் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டீயை ஆற்று ஆற்று என்று ஆற்றினாள், அது ஐஸாகிப் போன பிறகும் ஆற்றினாள், அவள் தோள் மட்டும் குலுங்கியது.

பேச்சி யாரையும் பார்க்காமல், யாரிடமும் சொல்லாமல் வண்டியில் ஏறினாள். பின்கதவைச் சாத்தினாள்.

"அப்ப நமக்கு ஊரு?" என்றான் தவசி, சாவியில் கையை வைத்துக்கொண்டு.

"எத்தன வாசல்ல வந்துட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், பாத்தீகள்ல. ஒருத்தராவது யாருன்னு கேட்டாகளா?" என்றாள் பேச்சி.

அவன் சாவியைத் திருப்பினான். மிதித்தான். வண்டி சீறிக்கொண்டு சாலையில் ஏறிய வேகத்தில் தொட்டில் மேல்கம்பியைத் தொட்டுவிட்டு வந்தது, உலகம்மை இன்னொரு தடவை என்றாள். லாரிகளை முந்தினார்கள், பஸ்களை முந்தினார்கள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு மலையடிவாரத்தில் பூலாங்காட்டில் அம்மா வீட்டு வாசலில் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் மந்திரமூர்த்தி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தங்கை முகத்தைப் பார்க்கவில்லை, மடியை மட்டும் விரித்துக் காட்டினான். பிள்ளையை வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். பூசாரி அர்ச்சனைக்காக, "தகப்பன் பேரு தவசி. ஊரு?" என்று கேட்டார். மந்திரமூர்த்தியின் முதுகு விறைத்தது.

"வெள்ளாட்டுக்குளம்" என்றான் தவசி.

மந்திரமூர்த்தி தலையைத் தூக்கினான். "அது எங்க இருக்கு?"

"நாலுவழிச்சாலை ஓரமா மச்சான். முன்ன கொஞ்சம் உள்ள தள்ளி இருந்துச்சு."

காது குத்தும்போது உலகம்மை ஒரு வீச்சு அழுதுவிட்டு நிறுத்திவிட்டாள். மடி கொடுத்தவன்தான் நிறுத்தவில்லை. ஊசியைப் பார்த்தால் தனக்குச் சின்ன வயதிலிருந்தே கண்ணில் தண்ணி வரும் என்று, கேட்காதவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு எதிரில் பஸ் வந்து நின்றது. போன மாதம்தான் ரோட்டுக்கு வந்த புத்தம் புது பஸ். அம்மா மகனுக்குத் திருநீறு பூசிவிட்டாள். உலகம்மை மாமனின் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, அவன் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். கடைக்குப் போவதென்றால்கூடப் போறேன் என்று வெட்டிச் சொல்லிப் பழகினவன் அவன். பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்தபடி, "பேச்சி," என்றான். தொண்டையைச் செருமினான். "வரேன்."

ஏறி உட்கார்ந்தான். டிரைவர் கியரைப் போட்டு மிதித்தார். இஞ்சின் உறுமியது, பஸ் நகரவில்லை. இன்னும் மிதித்தார், ஒரு முழம் நகர்ந்தது. "ஏண்ணே, ஏர் பில்டர் அடைச்சிருக்குமோ?" என்றான் கண்டக்டர். "புது வண்டியில ஏதுடா அடைப்பு" என்று டிரைவர் எரிந்து விழுந்தார். உள்ளே இருந்தவர்கள் டீசல் கலப்படம் என்றும் கிளட்ச் தேய்மானம் என்றும் ஆளுக்கொன்று சொன்னார்கள். தவசி பேச்சியைப் பார்த்தான். பேச்சி தவசியைப் பார்த்தாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுகொண்டான்.

பேச்சி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஓடாமல், வேகமாகக்கூட நடக்காமல், பஸ்ஸோடு கூடவே நடந்து அண்ணன் இருந்த சன்னலைப் பிடித்தாள்.

"அண்ணே, ரொம்ப அழுத்திச் சொல்லிட்ட" என்றாள், பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. "கொஞ்சம் லேசாச் சொல்லு. பஸ்ஸு கிளம்பணும்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வாய் திறக்காத தங்கச்சி நடுரோட்டில் நின்று சத்தம் போட்டுப் பேசுவதைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிட்டி, சரி, வரேன் வரேன் வரேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பஸ் ஒரு துள்ளுத் துள்ளிப் பாய்ந்தது. டிரைவர், தான் ஏதோ செய்துதான் சரியானது என்பது போலக் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

தூசி அடங்கியதும் அம்மா வாசலைப் பார்த்தாள். விடியலில் படியை ஒட்டிப் போட்ட கோலம் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. கோலம் போட்ட இடத்தில்தான் இருந்தது, வீடுதான் பஸ் போன பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அம்மா உள்ளே போனாள். கோலப்பொடி டப்பாவை எடுத்துவந்து உட்கார்ந்து, அந்த ஒரு சாணுக்கும் இன்னொரு வரிசைப் புள்ளி வைத்து, கோலத்தைப் படியோடு சேர்த்துவிட்டாள்.